பிஎச் சொல்லாமல் ஈடிடிஏ பற்றிப் பேச முடியாது

உணவு நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஈடிடிஏ, சிட்ரிக் அமிலம் போன்ற கீலேட்டர்களை, அதாவது உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருட்களை, ஈ.கோலை பாக்டீரியா மீது சோதித்துக்கொண்டிருக்கிறார். ஈடிடிஏ பிஎச் 8-இல்தான் நன்றாக வேலை செய்யும் என்கிறது ஒரு கட்டுரை. அமிலத்தன்மை கூடக்கூட கீலேட்டர்களின் பாக்டீரியா எதிர்ப்புத் திறன் கூடும் என்கிறது இன்னொன்று. அவருடைய சோதனையும் குழப்புகிறது: 100 மில்லிமோலார் டைசோடியம் ஈடிடிஏ கரைசலை அகார் தட்டின் குழியில் ஊற்றினால் பாக்டீரியா வளராத தெளிவான வளையம் வருகிறது, அதையே பிராத் என்ற திரவ ஊடகத்தில் 1 மில்லிமோலாராகக் கலந்தால் பாக்டீரியா ஜோராக வளர்கிறது. எது சரி?

இரண்டு கட்டுரைகளுமே சரியாக இருக்கலாம். முதல் கட்டுரை பார்த்தது கீலேட்டர் உலோகத்தைப் பறிக்கும் வேலையை. இரண்டாவது கட்டுரை பார்த்ததில் அமிலம் தானாகச் செய்யும் வேலையும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் குழப்பத்தில் முக்கால்வாசி போய்விடும். மீதிக் கால்வாசி, எந்த உலோகத்தைப் பறிக்கிறோம் என்பதில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஆய்வறிக்கைகள் கோட்டைவிடும் இடம் அது.

முதலில் வேதியியல். ஈடிடிஏ ஒரு உலோக அயனியை ஆறு இடங்களில் பிடிக்கும்: நான்கு கார்பாக்சில் தொகுதிகள், இரண்டு நைட்ரஜன்கள். உலோகம் வந்து உட்கார வேண்டிய அதே இடங்களில்தான் ஹைட்ரஜன் அயனியும் வந்து உட்காருகிறது. கரைசல் அமிலமானால் ஹைட்ரஜன் அயனி அதிகம், உலோகத்துக்குக் கிடைக்கும் இடம் குறைவு. பிஎச் விளைவின் வேர் இவ்வளவுதான். ஈடிடிஏ-வின் கடைசி இரண்டு ஹைட்ரஜன்கள் கிளம்பும் பிகேஏ மதிப்புகள் (பாதி மூலக்கூறுகளில் அந்த ஹைட்ரஜன் கழன்றிருக்கும் பிஎச்) சுமார் 6.1, 10.2. அதாவது நடுநிலைக் கரைசலில்கூட ஒரு ஹைட்ரஜன் நைட்ரஜனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் 0.5 மோலார் ஈடிடிஏ தயாரித்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஒரு லிட்டருக்கு 186.1 கிராம் டைசோடியம் உப்பை எடுத்து 800 மில்லிலிட்டர் தண்ணீரில் போட்டு, காந்தக் கலக்கியில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் அது கரையாது. வெள்ளையாகக் கலங்கியே நிற்கும். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மொத்தம் 20 கிராம் அளவுக்குப் போகும். பிஎச் 8-ஐ நெருங்கும்போது கலங்கல் மறைந்து கரைசல் தெளிந்துவிடும். அங்கே நடப்பது ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றாகக் கழல்வதுதான். பெயரில் ‘டைசோடியம்’ என்று இருப்பதன் பொருளே, நான்கில் இரண்டு ஹைட்ரஜன்கள் இன்னும் மூலக்கூறில் இருக்கின்றன என்பது. அந்த உப்பின் நீர்த்த கரைசலை அப்படியே அளந்தால் பிஎச் 4-க்கும் 5-க்கும் நடுவில் காட்டும். டெட்ராசோடியம் உப்பு என்றால் 10-க்கும் மேலே போகும். பாட்டில் இரண்டிலும் பெரிய எழுத்தில் ஈடிடிஏ என்றுதான் போட்டிருக்கும். பாக்டீரியாவுக்கு அவை இரண்டும் வேறு வேறு கரைசல்கள்.

இப்போது கணக்கு. முழுவதும் ஹைட்ரஜன் நீங்கிய ஈடிடிஏ பிஎச் 10-இல் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். பிஎச் 8-இல் ஏறக்குறைய 185 மூலக்கூறுகளுக்கு ஒன்று. பிஎச் 7-இல் 2,000-க்கு ஒன்று. பிஎச் 5-இல் 28 லட்சத்துக்கு ஒன்று, பிஎச் 4-இல் 28 கோடிக்கு ஒன்று. இந்த எண்களை மட்டும் பார்த்து பிஎச் 7-இல் ஈடிடிஏ செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. உலோகம் வந்து பிடித்தால் ஹைட்ரஜன் தானாக விலகும், சமநிலை நகரும். ஆகவே பார்க்க வேண்டியது அந்தப் பிஎச்சில் மிஞ்சியிருக்கும் பிணைப்பு வலிமையை.

ஒரு மில்லிமோலார் ஈடிடிஏ உலோகம் பிடிக்காமல் சும்மா மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிஎச் 7-இல் அது தன்னைச் சுற்றியுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்து வைக்கும். பிஎச் 5-இல் கால்சியத்தை இன்னும் 95 சதவீதம் போலப் பிடிக்கும். மெக்னீசியத்தில் ஆறில் ஒரு பங்கைக்கூடப் பிடிப்பது சிரமம். பிஎச் 4-இல் கால்சியமே ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும், மெக்னீசியத்தைக் கிட்டத்தட்ட தொடவே தொடாது. பிஎச் 5 என்பது நடுவில் இருக்கும் ஒரு வாசல். அங்கே ஈடிடிஏ கால்சியத்துக்கு எமன், மெக்னீசியத்துக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ‘அமிலத்தில் ஈடிடிஏ பலவீனமாகும்’ என்று ஒரே வரியில் சொன்னால் இந்த வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

இது ஏன் பாக்டீரியாவுக்கு முக்கியம்? ஈ.கோலை, சால்மோனெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு ஒன்று உண்டு. அதன் வெளிப்பக்கம் முழுக்க லிப்போபாலிசாக்கரைடு, சுருக்கமாக எல்பிஎஸ். ஒவ்வொரு எல்பிஎஸ் மூலக்கூறிலும் பாஸ்பேட் தொகுதிகள் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். அவற்றை இழுத்துக் கட்டி வைப்பது நடுவில் உள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகள். அந்த அயனிகளை உருவிவிட்டால் எல்பிஎஸ் கழன்று வெளியே போகும்.

லொரெட்டா லைவ் 1965-இல் இதைத்தான் காட்டினார். ஈ.கோலையை டிரிஸ் பஃபரில் (பஃபர் என்பது பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்), பிஎச் 8-இல், சில நிமிடங்கள் ஈடிடிஏ-வில் வைத்தார். செல்லின் எல்பிஎஸ்-இல் பாதி வரை கழன்று வந்தது. வழக்கமாக ஈ.கோலைக்குள் நுழைய முடியாத ஆக்டினோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அதன்பின் உள்ளே போனது. இதில் பலர் கவனிக்காத ஒன்று: அந்தச் செல்கள் சாகவில்லை. மெக்னீசியம் கொடுத்து ஊடகத்துக்குத் திருப்பினால் மீண்டு வளர்ந்தன. ஈ.கோலையைப் பொறுத்தவரை ஈடிடிஏ கதவைத் திறந்துவிடும் ஆள். கொல்வது உள்ளே நுழையும் இன்னொன்று, அது செல்சுவரை அரிக்கும் லைசோசைம் நொதியாக இருக்கலாம், பாக்டீரியாவைக் கொல்லும் நைசின் என்ற பெப்டைடாக இருக்கலாம், ஆன்டிபயாட்டிக்காக இருக்கலாம். சூடோமோனாஸ் ஏருஜினோசா கொஞ்சம் விதிவிலக்கு. அதன் எல்பிஎஸ்-இல் பாஸ்பேட் அதிகம், ஆகவே உலோகத்தை நம்பியிருப்பதும் அதிகம்; ஈடிடிஏ தனியாகவே அதைக் கொல்லும் என்பதை அதே 1965-இல் கிரேயும் வில்கின்சனும் எழுதினார்கள். கண் சொட்டு மருந்துகளில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியோடு ஈடிடிஏ சேர்க்கும் வழக்கத்துக்கு இந்தச் சூடோமோனாஸ்தான் முக்கியக் காரணம். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களுக்கு இந்த வெளிச்சவ்வே இல்லை, அதனால் இந்த வழியில் அவற்றிடம் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

முதல் கட்டுரை பிஎச் 8-ஐச் சொன்னதற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். வெளிச்சவ்விலிருந்து மெக்னீசியத்தையும் சேர்த்து உருவ வேண்டுமானால் நடுநிலைக்கு மேலே இருந்தாக வேண்டும். நாய்களின் காதில் வரும் பிடிவாதமான சூடோமோனாஸ் தொற்றுக்குக் கால்நடை மருத்துவர்கள் டிரிஸ்-ஈடிடிஏ கரைசலைப் பிஎச் 8 அளவில் கொடுப்பதும் இதனால்தான். டிரிஸ் தானும் வெளிச்சவ்வைக் கொஞ்சம் தளர்த்தும். கூடவே ஜென்டாமைசின் போன்றவை காரப் பக்கத்தில் நன்றாக வேலை செய்யும். அதே காதுத் தொற்றுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலத்தையும் பயன்படுத்துகிறார்கள், அதுவும் சூடோமோனாஸைக் கொல்லும். ஒன்று நல்லது, இன்னொன்றும் நல்லது, இரண்டையும் சேர்த்து ஊற்றலாம் என்று போனால் காரியம் கெடும். அமிலம் ஈடிடிஏ-வின் கையைக் கட்டிப்போடும்.

அப்படியானால் அமிலத்தில் வெளிச்சவ்வு பத்திரமா? இல்லை. அமிலம் கீலேட்டரின் பிடியை மட்டும் தளர்த்துவதில்லை, எல்பிஎஸ்-இன் பாஸ்பேட் தொகுதிகளிலும் ஹைட்ரஜன் போய் உட்காருகிறது. எதிர்மின்னூட்டம் குறையும், கால்சியத்தின் மீதான பிடியும் தளரும். பின்லாந்து ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட வேலையில், வெறும் 5 மில்லிமோலார் லாக்டிக் அமிலம் பிஎச் 4-இல் ஈ.கோலை, சால்மோனெல்லா, சூடோமோனாஸ் மூன்றின் வெளிச்சவ்வையும் ஊடுருவக்கூடியதாக ஆக்கியதைக் காட்டினார்கள். அந்த அளவு லாக்டேட் கால்சியத்தைப் பிடிக்கும் திறன் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. அங்கே வேலை செய்தது அமிலம். முடிவு ஒரே மாதிரி தெரிகிறது, வழி வேறு.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. சால்மோனெல்லாவில் போக்யூ என்றொரு உணர்வுப் புரதம் சவ்வில் உண்டு. மெக்னீசியம் குறைந்தாலும் அது விழிக்கும், அமிலம் கூடினாலும் விழிக்கும். விழித்ததும் எல்பிஎஸ்-ஐச் சவ்வில் ஊன்றியிருக்கும் லிப்பிட் ஏ என்ற பகுதியின் பாஸ்பேட்டுகள் மேல் நேர்மின்னூட்டம் கொண்ட சர்க்கரைத் துண்டுகளை ஒட்டும் நொதிகள் தயாராகும். அப்படி ஒட்டிய பிறகு சவ்வை இழுத்துக் கட்ட மெக்னீசியம் முன்போலத் தேவைப்படாது. இலேசான அமிலத்தில் வளர்ந்து பழகிய சால்மோனெல்லாவை எடுத்து ஈடிடிஏ சோதனை செய்தால் வேறு முடிவு வர இது போதுமான காரணம். செல்களை எந்தப் பிஎச்சில் வளர்த்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

இனி, எந்த உலோகம் என்ற கேள்விக்கு வருகிறேன். இதுவரை பேசியது கால்சியமும் மெக்னீசியமும். ஈடிடிஏ-வுக்கு அவற்றை விடப் பல மடங்கு விருப்பமான உலோகங்கள் இருக்கின்றன. ஃபெர்ரிக் இரும்போடு அதன் பிணைப்பு வலிமை, கால்சியத்தை விட ஏறக்குறைய 10-ஐப் பதினான்கு முறை பெருக்கினால் வரும் அளவு அதிகம். அதனால் பிஎச் 4-இல் மெக்னீசியத்தைக் கைவிட்ட அதே ஈடிடிஏ, இரும்பையும் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அமிலத்தில் ஈடிடிஏ வேலையை நிறுத்துவதில்லை, வேலையை மாற்றிக்கொள்கிறது. காரப் பக்கத்தில் வெளிச்சவ்வை உடைக்கும். அமிலப் பக்கத்தில் நுண்சத்துப் பட்டினி போடும்.

மயோனைஸ் இதற்கு நல்ல சாட்சி. அதன் பிஎச் 4-ஐ ஒட்டி இருக்கும். அதில் இ385 என்ற எண்ணோடு சேர்க்கப்படுவது கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ, கிலோவுக்கு 75 மில்லிகிராம் வரை அனுமதி. ஏற்கெனவே கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வரும் உப்பு பாக்டீரியாவின் கால்சியத்தை எப்படிப் பறிக்கும்? பறிக்காது. அதை அங்கே போடுவது எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் இருக்க. எண்ணெயைக் கெடுக்கும் இரும்பையும் தாமிரத்தையும் அது கால்சியத்தை விட்டுவிட்டுப் பிடித்துக்கொள்ளும். இரும்புப் பட்டினியாவது பாக்டீரியாவைத் தடுக்காதா என்றால், அமில உணவுகளைக் கெடுக்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் பல இரும்பே இல்லாமல் மாங்கனீஸை வைத்துக் காலம் தள்ளுபவை. அவற்றிடம் இந்தப் பட்டினி பலிக்காது. லேபிளில் ஈடிடிஏ என்று பார்த்ததும் ‘பாக்டீரியாவைத் தடுக்கப் போட்டிருக்கிறார்கள்’ என்று எழுதிவிடும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இரும்புப் பட்டினியை முழு அழகோடு பார்க்க வேண்டுமானால் கோழி முட்டையைப் பாருங்கள். பச்சை முட்டையின் வெள்ளைக் கரு பாக்டீரியா வளர்வதைத் தடுக்கிறது, இரும்பு சேர்த்தால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது என்று ஷேடும் கரோலைனும் 1944-இல் கண்டார்கள். இரும்பைப் பிடித்து வைத்திருந்தது ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம். வெள்ளைக் கருவின் புரதத்தில் எட்டில் ஒரு பங்கு அதுதான். அது இரும்பைப் பிடிக்கும்போது கூடவே ஒரு பைகார்பனேட் அல்லது கார்பனேட் அயனியும் துணைக்கு வேண்டும்.

கோழி இட்ட நேரத்தில் வெள்ளைக் கருவின் பிஎச் 7.6 போல இருக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற அது ஏறும். அறை வெப்பத்தில் சில நாட்களிலேயே 9-ஐத் தாண்டிவிடும். உயிருள்ள எந்தப் பொருளிலும் இவ்வளவு காரத்தன்மை அபூர்வம். இந்த ஏற்றம் மூன்று விதத்தில் பாக்டீரியாவுக்கு எதிராகப் போகிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அந்தப் பிஎச்சே ஒத்துவராது. ஓவோடிரான்ஸ்ஃபெரினின் இரும்புப் பிடிக்குப் போட்டியாக வரும் ஹைட்ரஜன் அயனி மிகக் குறைந்துவிடும். போதாததற்கு, காரத்தில் ஃபெர்ரிக் இரும்பு ஹைட்ராக்சைடாகி வீழ்படிவாவதால் கரைந்த இரும்பும் இருக்காது. இந்தப் பாதுகாப்பை உடைக்க விஷம் எதுவும் தேவையில்லை, கொஞ்சம் இரும்பு போதும். இரும்பு அதிகமுள்ள தண்ணீரில் கழுவிய முட்டைகளில் சூடோமோனாஸ் அழுகல் வேகமாக வருவதை அமெரிக்காவில் கரிபால்டி 1960-களை ஒட்டி ஆராய்ந்து காட்டினார். பச்சையாக ஒளிரும் அந்த அழுகலின் நிறமே, சூடோமோனாஸ் இரும்பைத் தேடி வெளியே அனுப்பும் பையோவெர்டின் என்ற மூலக்கூறிலிருந்து வருவது. பாக்டீரியாவிடமும் கீலேட்டர் இருக்கிறது. போட்டி இரண்டு கீலேட்டர்களுக்கு நடுவில் நடக்கிறது.

நம் உடலிலும் இதே குடும்பப் புரதங்கள் இரண்டு உண்டு, அவற்றின் பிஎச் குணம் வேறு வேறு. இரத்தத்தில் உள்ள டிரான்ஸ்ஃபெரின் பிஎச் 6-க்குக் கீழே போனதும் இரும்பை விட ஆரம்பிக்கும். செல்லுக்குள் இரும்பை இறக்கிவிட அதற்கு இந்தக் குணம் வேண்டும். தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களிலும் உள்ள லாக்டோஃபெரின் பிஎச் 4 வரைகூட இரும்பை விடாது. சீழ் பிடித்த இடத்தில் லாக்டிக் அமிலம் சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபெரின் கைவிடும் இரும்பை அங்கே பாக்டீரியா எடுத்துக்கொள்ளாமல் தடுக்க, அமிலத்தைத் தாங்கும் கீலேட்டரை நியூட்ரோஃபில்கள் கொட்டுகின்றன. அமிலத்தன்மைக்கு ஏற்ற கீலேட்டரைத் தேர்ந்தெடுப்பது என்பது நம் ஆய்வகத்தில் தொடங்கிய விஷயம் இல்லை.

சிட்ரிக் அமிலத்துக்கு வருவோம். இதில்தான் குழப்பம் உச்சத்தில் இருக்கிறது, ஏனென்றால் இது அமிலமும் கீலேட்டரும் ஒன்றாக. பிகேஏ மதிப்புகள் 3.1, 4.8, 6.4. மூன்று ஹைட்ரஜனும் நீங்கிய சிட்ரேட்தான் கால்சியத்தை நன்றாகப் பிடிக்கும், அதுவும் ஈடிடிஏ-வோடு ஒப்பிட்டால் கோடி மடங்கு பலவீனமாக. ஆகவே நடுநிலையில் சிட்ரேட் மிதமான கீலேட்டர். பிஎச் 3-இல் அது நடைமுறையில் வெறும் அமிலம். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-க்கும் 3-க்கும் நடுவில். அது காலரா கிருமியைக் கொல்வதைக் கீலேட்டர் கணக்கில் எழுதக் கூடாது. நடுவில் பிஎச் 5 அருகே இரண்டு குணமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அங்கே எது வேலை செய்கிறது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் மீது 1986-இல் பிரிட்டனில் செய்த ஆய்வு இதற்கு முன்மாதிரி. பிஎச்சை மாற்றாமல் வைத்துக்கொண்டு சிட்ரேட் சேர்த்தபோது வளர்ச்சி தடைப்பட்டது, கால்சியம் சேர்த்தபோது தடை தளர்ந்தது. பிஎச் மாறவில்லை, உலோகம் திரும்பி வந்ததும் பாக்டீரியாவும் திரும்பி வந்தது என்றால் அது கீலேட்டரின் வேலைதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எல்லாக் கீலேட்டரும் உலோகத்தைப் பறித்துத்தான் கொல்லும் என்றும் நினைக்க வேண்டாம். 8-ஹைட்ராக்சிகுயினோலின், அதாவது ஆக்சின், உலோகத்தைச் சுமந்துகொண்டு உள்ளே போய்க் கொல்லும். ஏட்ரியன் ஆல்பர்ட்டும் உடன் உழைத்தவர்களும் 1950-களில் காட்டியபடி, இரும்போ தாமிரமோ இல்லாத தூய நீரில் ஆக்சின் ஸ்டெஃபிலோகாக்கஸை ஒன்றும் செய்யாது. இரும்பு இருந்தால் கொல்லும். ஆக்சினை மிக அதிகமாகப் போட்டால் மறுபடி கொல்லாது. இது மின்னூட்டமில்லாத மூலக்கூறாக இருக்கும்போதுதான் சவ்வைச் சுலபமாகக் கடக்கும். நடுநிலையில் கிட்டத்தட்ட முழுவதும் அப்படித்தான் இருக்கும். பிஎச் 4-இல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

பல் மருத்துவத்தில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. வேர்க் கால்வாய் சிகிச்சையில் 17 சதவீத ஈடிடிஏ-வை நடுநிலைக்குச் சற்று மேலே வைத்துப் பயன்படுத்துகிறார்கள். 1957-இல் நைகார்ட்-ஓஸ்ட்பி அறிமுகப்படுத்திய முறை இது. ஈடிடிஏ-வின் பிடி காரத்தில் கூடும் என்றால் பிஎச் 9-இல் பல் திசு இன்னும் வேகமாகக் கரைய வேண்டுமே? கரைவதில்லை. பல்லின் கால்சியம் பாஸ்பேட் தானாகக் கரைவது அமிலத்தில்தான் அதிகம். கரைவதற்கு அமிலம் உதவ வேண்டும், கரைந்ததைப் பிடிக்கக் காரம் உதவ வேண்டும். இரண்டும் சமரசமாகும் இடம் நடுநிலை. இன்னொன்றும் நடக்கும்: கால்சியத்தைப் பிடிக்கப் பிடிக்க ஈடிடிஏ ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும், பிஎச் இறங்கும், வேலை தானாக மந்தமாகும். தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ-வால் தரம் பார்க்கும்போது அம்மோனியா பஃபர் போட்டுப் பிஎச் 10-இல் நிறுத்தி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே ஒரு எச்சரிக்கை. வேர்க் கால்வாயில் பாக்டீரியாவைக் கொல்வது முக்கியமாகச் சோடியம் ஹைப்போகுளோரைட். அதோடு ஈடிடிஏ கலந்தால் குளோரினின் வீரியம் போய்விடும். சிட்ரிக் அமிலம் கலந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். ஆய்வகத்திலோ வீட்டிலோ பிளீச்சிங் கரைசலோடு எந்த அமிலக் கீலேட்டரையும் கலக்காதீர்கள்.

உடலுக்குள் ஏற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரத்தத்தின் பிஎச் 7.4, அங்கே டைசோடியம் ஈடிடிஏ கால்சியத்தை வலுவாகப் பிடிக்கும். ஈய நச்சுக்குக் கொடுக்கும் கால்சியம் டைசோடியம் உப்புக்குப் பதிலாக இதை இரத்தக் குழாயில் ஏற்றியதால் இரத்தக் கால்சியம் சரிந்து அமெரிக்காவில் இறப்புகள் நிகழ்ந்திருக்கின்றன. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

இனி, கேள்வி கேட்ட மாணவிக்கு: உங்கள் சோதனை. ஆன்டிபயாட்டிக் சோதனைகளுக்கான வழக்கமான ஊடகமாகிய, அயனி சரிசெய்த முல்லர்-ஹின்டன் பிராத்தில் லிட்டருக்கு 20 முதல் 25 மில்லிகிராம் கால்சியமும், 10 முதல் 12.5 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்கும். இரண்டையும் மோலாக மாற்றிக் கூட்டினால் ஏறக்குறைய 1 மில்லிமோலார். நீங்கள் போட்ட 1 மில்லிமோலார் ஈடிடிஏ அந்தப் பிராத்தின் உலோகத்தைப் பிடித்ததோடு தீர்ந்துவிட்டது, ஈ.கோலையின் சவ்வைத் தொட ஆளே மிஞ்சவில்லை. குழியில் ஊற்றியது அதைவிட 100 மடங்கு செறிவு, அதுவும் பிஎச் 4.5 போன்ற அமிலக் கரைசல். அந்த வளையத்தில் கீலேட்டரின் பங்கு எவ்வளவு, அமிலத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

செறிவைக் கூட்டிப் பிராத்தில் 10 மில்லிமோலார் போட்டால் வேறு சிக்கல் வரும். பிஎச் 7.3-இல் டைசோடியம் உப்பின் ஒவ்வொரு மூலக்கூறும் கிட்டத்தட்ட ஒரு ஹைட்ரஜனை விட்டுவிடும். அதாவது 9 மில்லிமோலாருக்கு மேல் அமிலத்தையும் சேர்த்தே ஊற்றுகிறீர்கள், பிராத்தின் பஃபர் திறன் அதற்குத் தாங்காது. ஆகவே ஈடிடிஏ மூலக் கரைசலை முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து நீங்கள் சோதிக்க விரும்பும் பிஎச்சுக்குக் கொண்டுவாருங்கள். பிராத்தில் கலந்தபின் ஒரு முறை, 24 மணி நேரம் கழித்து இன்னொரு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். வளரும் ஈ.கோலை சர்க்கரை இருந்தால் தானே அமிலம் விடும் என்பதால் இரண்டாவது அளவீடு முக்கியம்.

பஃபர் தேர்வில் கவனம் வேண்டும். சிட்ரேட் பஃபர் தானே கீலேட்டர். பாஸ்பேட் கால்சியத்தோடு சேரும். டிரிஸ் சவ்வைத் தொந்தரவு செய்யும். மெஸ், மாப்ஸ், ஹெப்பீஸ் மூன்றும் பெரும்பாலும் உலோகத்தோடு சேராதவை. முறையே பிஎச் 6, 7, 7.5 வட்டாரத்துக்கு அவை போதும். பிஎச் 5-க்கு மெஸ் எல்லையில் நிற்கும், அங்கே அசிட்டேட் போட்டால் அசிட்டிக் அமிலத்தின் சொந்த நஞ்சு உள்ளே வந்துவிடும். அந்தப் புள்ளியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நேராகச் சரிசெய்து, பிஎச்சை அடிக்கடி பார்ப்பதே மேல்.

ஒவ்வொரு பிஎச்சிலும் ஈடிடிஏ இல்லாத குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும், அமிலம் மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்க. ஈடிடிஏ-வோடு அதற்குச் சமமான மெக்னீசியமும் கால்சியமும் சேர்த்த குழாய் ஒன்று வேண்டும். உலோகம் சேர்த்தாலும் ஹைட்ரஜன் அயனி வெளியாகும் என்பதால் அதன் பிஎச்சை மறுபடி சரிசெய்ய மறக்காதீர்கள். கால்சியம் டைசோடியம் உப்பை ஒரு குழாயில் போடுங்கள். வெளிச்சவ்வு உடைவதுதான் காரணம் என்றால் அதில் விளைவு இருக்காது; இரும்பு, துத்தநாகப் பட்டினி என்றால் அதிலும் வளர்ச்சி மந்தமாகும். இவ்வளவும் செய்தபின் வளர்ச்சியை மட்டும் பார்த்து நிறுத்தாமல், ஒரு தொகுதியில் லைசோசைமோ நைசினோ சேர்த்துப் பாருங்கள். ஈடிடிஏ கதவைத் திறந்தும் ஈ.கோலை சாகாமல் இருந்திருந்தால் அங்கேதான் தெரியவரும். நைசின் அமிலத்தில்தான் நிலையாகவும் நன்றாகக் கரையும்படியும் இருக்கும், ஈடிடிஏ-வுக்கு அதற்கு நேர்மாறான பக்கம் வேண்டும். அதனால் அந்தத் தொகுதியைப் பிஎச் 5, 6, 7 மூன்றிலும் ஓட்டுங்கள். உச்சம் 6-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்ப்பதற்காகவே நான் அந்த மூன்றைச் சொல்கிறேன்.